தொடுவானத்துக்கு அப்பால்

நாம் இளங்குருமடத்தில் பயின்ற நாள்களில், இரவு உணவு முடிந்து படிப்பு மணி அடிக்கும் வரையுள்ள சிறு இடைவேளையில், பொது அறையின் மூலையிலிருந்த வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்வது வழக்கம். 1980களின் நடுப்பகுதி அது. சிற்றலையில் மணிலாவிலிருந்து வேரித்தாஸ் தமிழ்ப்பணியும், இலண்டனிலிருந்து தமிழோசையும் வரும். பொறுப்புத் தந்தை முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக் குரலைப் பிடித்துத் தருவார். சில இரவுகளில் அக்குரலுக்கு நடுவே, பலகையின்மேல் யாரோ விரல் முட்டியால் விடாது தட்டுவதுபோன்ற ஓர் ஒலி எழும். டக் டக் டக் என்று, எண்ண முடியாத வேகத்தில், ஆயின் தாளம் பிசகாமல் அது தொடரும். பெட்டியின் கோளாறு என்றே அனைவரும் எண்ணினோம். கைத்திறன் மிக்க மூத்த மாணவர் ஒருவர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றித் தூசு தட்டி மீண்டும் மூடினார். தட்டல் நிற்கவில்லை. வேறு அலைவரிசைக்கு மாறினால் சிறிது நேரம் அமைதியாக இருக்கும். பிறகு அங்கும் அது வந்து சேரும்.

அது பெட்டியின் குறையன்று என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நூல்களின் வழியாக அறிந்தோம். அந்தத் தட்டல் உக்ரைன் நாட்டுக் காட்டிலிருந்து வந்தது. நம் பொது அறையை நோக்கி அதனை எவரும் அனுப்பவில்லை. வடதுருவத்தின் மேலாக அமெரிக்காவை வேவு பார்க்க அனுப்பப்பட்ட அலை, எல்லாத் திசையிலும் சிந்திச் சிதறியதில் ஒரு துளி நம் காதிலும் விழுந்தது. அது எப்படி விழுந்தது, ஏன் அனுப்பப்பட்டது, அனுப்பியவர்கள் தேடியதைக் கண்டார்களா என்ற கேள்விகளைப் பின்தொடர்ந்து போனால் ஒரு நூற்றாண்டு வரலாறு விரிகின்றது. அவ்வரலாற்றின் நடுவில் இருப்பது நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம்.

வானொலி அலை ஒளியைப் போல நேர்கோட்டில் செல்வது. பூமியோ உருண்டை. ஆகவே தொடுவானத்தைத் தாண்டியதும் அலை விண்வெளிக்குள் போய் மறைந்துவிட வேண்டும் என்பதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் பலரும் கொண்டிருந்த முடிவு. மார்க்கோனி இம்முடிவைப் பொருட்படுத்தவில்லை. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், சிக்னல் ஹில் என்னும் குன்றின்மேல், கடுங்காற்றில் பட்டம் ஒன்றை ஏற்றி, அதனோடு பிணைத்த கம்பியையே ஆண்டெனாவாகக் கொண்டு, செவிக்குழலைக் காதில் வைத்துக் காத்திருந்தார். ஏறத்தாழ 3,400 கிலோமீட்டருக்கு அப்பால், இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலுள்ள போல்டு நிலையம் 'எஸ்' என்னும் எழுத்துக்குரிய மூன்று புள்ளிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அது தமக்குக் கேட்டது என்றார் மார்க்கோனி. பட்டப்பகலில் அந்த அலைநீளத்தில் அது கேட்டிருக்க முடியுமா என ஐயுறும் பொறியியலார் இன்றும் உளர். ஆயின் மறு ஆண்டின் தொடக்கத்தில் 'பிலடெல்பியா' என்னும் கப்பலில் சென்றவாறே அவர் அலைகளை நாடாவில் பதிவு செய்து காட்டியபோது ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. பகலைவிட இரவில் அலை வெகுதூரம் செல்கிறது என்பதையும் அப்பயணத்திலேயே அவர் கண்டார்.

பூமியின் வளைவை அலை எவ்வாறு சுற்றி வந்தது? 1902இல் இருவர், ஒருவரையொருவர் கலந்து பேசாமல், ஒரே விடையைச் சொன்னார்கள். ஒருவர் ஆர்தர் கென்னெலி. நம் நாட்டில், பம்பாயின் கொலாபாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கியவர். மற்றவர் ஆலிவர் ஹெவிசைடு. இலண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, செவிப்புலன் குன்றி, பல்கலைக்கழகத்தின் படியேறாமல், தாமே கற்றுத் தேறிய மேதை. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்சாரத்தைக் கடத்தவல்ல படலம் ஒன்று இருக்க வேண்டும். அலை அதில் பட்டுத் திரும்புகிறது என்பது அவர்களது விடை. இது அறிவார்ந்த ஊகமே. படலத்தை எவரும் கண்டதில்லை.

கண்டறிந்து மெய்ப்பித்தவர் எட்வர்டு ஆப்பிள்டன். 1924 டிசம்பர் 11 அன்று, நள்ளிரவில் நிகழ்ச்சிகள் முடிந்தபின், போர்ன்மத் நகரிலிருந்த பி.பி.சி. நிலையம் தன் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே அலை பரப்பிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் அமர்ந்து ஆப்பிள்டனும் அவருடைய மாணவர் பார்னெட்டும் அதனை அளந்தார்கள். தரை வழியே வந்த அலையும் வானில் பட்டு வந்த அலையும் ஒன்றோடொன்று கூடியும் குலைந்தும் எழுந்த ஏற்ற இறக்கங்களிலிருந்து, திரும்பி அனுப்பும் படலம் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கணித்தார்கள். ஹெவிசைடு சில வாரங்களுக்குப் பின், 1925 பிப்ரவரியில் மறைந்தார். ஆப்பிள்டன் பின்னர் அதற்கும் மேலே இன்னொரு படலத்தைக் கண்டறிந்து, 1947இல் நோபெல் பரிசு பெற்றார்.

மறு ஆண்டே அமெரிக்காவில் பிரைட், டூவ் என்னும் இரு இளைஞர்கள் இன்னும் எளிய வழியொன்றைக் கையாண்டனர். அலையைத் தொடர்ச்சியாக விடாமல் துண்டு துண்டாக, துடிப்புகளாக மேலே அனுப்பினார்கள். ஒவ்வொரு துடிப்பும் மேலே போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தார்கள். நேரம் தெரிந்தால் தொலைவு தெரியும். துடிப்புகளை அனுப்ப அவர்களுக்கு உதவியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்து நிலையம். பின்னாளில் ராடார் எனப்பட்ட கருவியின் தத்துவம் முழுவதும் இச்சோதனையில் அடங்கியுள்ளது. விமானத்தைத் தேடுவதற்குப் பத்தாண்டு முன்பே மனிதன் அந்த முறையால் வானத்தைத் தேடினான். அயனி மண்டலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1926இல் முன்மொழிந்த வாட்சன் வாட் என்பவரே, 1935இல் பிரித்தானிய ராடாரைத் தொடங்கி வைத்தவர் என்பதும் தற்செயலன்று.

இடையில் ஒரு செய்தி. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனி தாமே அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் உலகுக்கு முதன்முறையாகப் பேசினார். அந்நிலையத்தின் முதல் இயக்குநர் இயேசு சபையைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர், தந்தை ஜான்ஃபிரான்செஸ்கி. அன்று கடல் கடந்து கேட்ட குரல் சிற்றலையில் சென்ற குரல். அயனி மண்டலம் இல்லையேல் அது உரோமை நகரைச் சூழ்ந்த குன்றுகளோடு நின்றிருக்கும்.

இந்த மண்டலம் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வளிமண்டலத்து அணுக்களைத் தாக்கி எலெக்ட்ரான்களை உதிர்க்கின்றன. சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை இவ்வாறு மின்னூட்டம் பெற்ற பரப்பு உள்ளது. 3 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகள் இதற்குள் நுழையும்போது, கோடை வெயிலில் தார்ச்சாலையின்மேல் ஒளி வளைந்து கானல் நீர் தோன்றுவதுபோல, சிறிது சிறிதாக வளைந்து மீண்டும் தரைக்கே திரும்புகின்றன. ஆடியில் பட்டுத் திரும்புகின்றன எனச் சொல்வது வசதிக்காகவே. இந்த ஆடி ஓரிடத்தில் நிற்பதில்லை. விடியும்போது இறங்குகிறது; இரவில் உயர்கிறது; சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சிக்கேற்ப அடர்ந்தும் மெலிந்தும் போகிறது; ஏரியில் அலை ஓடுவதுபோல அதிலும் அலைகள் ஓடுகின்றன. அறிவிப்பின்றி ஆடும் இந்த ஆடியை நம்பித்தான் வல்லரசுகள் தம் காவலை அமைக்க முனைந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணு ஆயுதம் தாங்கிய விமானங்களும் ஏவுகணைகளும் வந்தன. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தைச் சாதாரண ராடார் சுமார் 400 கிலோமீட்டரிலேயே காணமுடியும். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கண்டம் தாண்டும் ஏவுகணையோ அரை மணி நேரத்தில் வந்துவிடும். எனவே சிற்றலையைச் சாய்வாக மேலே அனுப்பி, அயனி மண்டலத்தில் வளைத்து, 1,000 முதல் 3,500 கிலோமீட்டர் தொலைவில் தரைக்கு இறக்கினால், அங்குள்ள விமானத்தில் பட்ட அலை வந்த வழியே திரும்பி வரும் அல்லவா? எண்ணம் எளிது. செய்வது அரிது. திரும்பி வருவதில் பெரும்பகுதி கடலிலும் மலையிலும் பட்ட எதிரலை. விமானத்தின் எதிரலை அதனோடு ஒப்பிட, வைக்கோற்போரில் ஒரு நெல்மணி.

அந்த மணியைப் பொறுக்கும் வழியை, முன்னர் பிரைட்டுக்கும் டூவுக்கும் துணைநின்ற அதே கடற்படை ஆய்வுக்கூடம் கண்டது. மலை அசையாது, கடல் மெல்ல அசையும், விமானம் விரைந்து செல்லும். விரையும் பொருளில் பட்ட அலையின் அதிர்வெண் சற்றே மாறும். நம்மைக் கடந்து செல்லும் ரயிலின் ஊதொலி தாழ்வதுபோன்ற மாற்றமே இது. ஆயின் அளவில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. எதிரலைகளைச் சுழலும் காந்த உருளையில் பதித்து வைத்து, அந்நுண்ணிய மாற்றத்தைப் பிரித்தெடுக்கும் 'மாத்ரே' என்னும் ராடார் 1961இல் மேரிலாந்து மாநிலத்தின் செசபீக் விரிகுடாக் கரையில் இயங்கத் தொடங்கிற்று. காந்த உருளை ராடார் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அப்பெயர். ஸ்பானிய மொழியிலோ அதற்குத் தாய் என்று பொருள். அட்லாண்டிக் கடலின் மேல் பறந்த விமானங்களை அது கண்டது. இவ்வினத்து ராடார்களுக்கெல்லாம் அது தாயாகவே அமைந்தது.

இவ்வெற்றியில் ஊக்கம் பெற்று அமெரிக்காவும் பிரிட்டனும் இணைந்து, இங்கிலாந்தின் சஃபோக் கரையில் ஆர்ஃபர்ட் நெஸ் என்னும் கூழாங்கல் திட்டில் 'கோப்ரா மிஸ்ட்' என்னும் மாபெரும் ராடாரைக் கட்டின. சோவியத் ஒன்றியத்தின் மேற்குப் பகுதியில் எழும் விமானங்களையும் ஏவுகணைகளையும் அங்கிருந்தபடியே காண்பது நோக்கம். 18 கம்பிச் சரங்கள் விசிறிபோல் விரிந்து நின்றன. 10 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. 1971இல் கட்டுமானம் நிறைவுற்றுச் சோதனை தொடங்கியபோது ஓர் இரைச்சல் குறுக்கிட்டது. நெல்லைப் பொறுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அது நிறைந்து நின்றது. நிலத்திலிருந்து திரும்பிய எதிரலையோடு ஒட்டிக்கொண்டே அது வந்தது. கருவியில் குறையா எனப் பகுதி பகுதியாகச் சோதித்தார்கள். அயனி மண்டலத்தின் விளையாட்டா என ஆராய்ந்தார்கள். எதிரி எங்கிருந்தோ வேண்டுமென்றே குழப்புகிறானா என்றும் ஐயுற்றார்கள். 1973இன் தொடக்கத்தில் அறிஞர் குழுவொன்று கூடி ஆராய்ந்தது. காரணம் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அவ்வாண்டு ஜூன் 30 அன்று ராடார் மூடப்பட்டது.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது இந்நிகழ்ச்சியே. அங்கே திறமைக்கும் பணத்துக்கும் குறைவில்லை. அத்தனைக்குப் பின்னும், தம் முன்னே வந்து நின்றது எந்திரத்தின் பிழையா, வானத்தின் இயல்பா, பகைவனின் சூழ்ச்சியா என்ற மூன்றையும் பிரித்தறிய அவர்களால் முடியவில்லை. இம்மூன்றையும் பிரித்தறியாமை அற்பக் குறை அன்று. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு நடந்தது அதனைக் காட்டும். 1967 மே 23 அன்று, அலாஸ்காவிலும் கிரீன்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்த அமெரிக்காவின் மூன்று ஏவுகணை எச்சரிக்கை ராடார்கள் ஒரே நேரத்தில் அலைக்குறுக்கீட்டால் நிலைகுலைந்தன. அவை சிற்றலை ராடார்கள் அல்ல. ஏவுகணைகளை நேராக நோக்குபவை. எனினும் கேள்வி ஒன்றே. மூன்றையும் ஒருசேரக் குழப்புவது போர்ச் செயலாகவே கருதப்படும். சோவியத் ஒன்றியத்தின் வேலை என எண்ணி அமெரிக்க விமானப்படை அணு ஆயுத விமானங்களை ஆயத்தப்படுத்தத் தொடங்கிற்று. அன்று சூரியனில் பெரும் வெடிப்பு நிகழ்ந்திருந்தது. அதன் வானொலி அலைகளே, சூரியனை நோக்கி இருந்த அந்த ராடார்களைத் தாக்கியிருந்தன. சூரியனைக் கண்காணிக்கும் சிறிய அலுவலர் குழுவொன்றை விமானப்படை சில ஆண்டுகளுக்கு முன்புதான் வைத்திருந்தது. அவர்கள் உரிய நேரத்தில் மேலிடத்துக்குச் செய்தி சொன்னார்கள். விமானங்கள் எழவில்லை. 2016இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை வழியாகவே உலகம் இதனை விரிவாக அறிந்தது. அந்தச் சில அலுவலர்களின் பெயரைச் சொல்லி எவரும் விழா எடுத்ததாகத் தெரியவில்லை.

கோப்ரா மிஸ்ட் மூடப்பட்ட மூன்றாண்டுக்குப் பின், 1976 ஜூலையில், உலகெங்கும் சிற்றலைக் கேட்போர் காதில் புதிய தட்டல் விழுந்தது. வினாடிக்குப் பத்துத் துடிப்பு. கேட்டவர்கள் அதற்கு 'ரஷ்ய மரங்கொத்தி' எனப் பெயரிட்டார்கள். அலைவரிசை விட்டு அலைவரிசை தாவி, வானொலி நிலையங்களையும், கப்பல்களின் தொடர்பையும், ஹாம் வானொலியரின் உரையாடலையும் அது குலைத்தது. அது வரும் திசையைப் பல நாட்டினர் அளந்து பார்த்தபோது கோடுகள் உக்ரைனில் கூடின. 'துகா' என்னும் அந்த ராடாரின் வாங்கும் ஆண்டெனா, செர்னோபில் அணுமின் நிலையத்துக்கு அருகே காட்டுக்குள், சுமார் 150 மீட்டர் உயரத்தில், அரை கிலோமீட்டருக்கு மேல் நீண்ட இரும்புச் சுவராக எழுப்பப்பட்டிருந்தது. பரப்பும் ஆண்டெனா அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில். ஏவுகணை மேலெழும்போது அயனி மண்டலத்தில் உண்டாகும் கலக்கத்தை எதிரலையில் காண்பதே அதன் வேலை. அங்கிருந்து வட அமெரிக்காவுக்குரிய குறுக்கு வழி துருவப் பகுதியின் மேல் செல்கிறது. துருவ ஒளி நடனமாடும் அப்பகுதியில் அயனி மண்டலம் ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும். அவர்கள் தேடிய கலக்கமோ சிறிது. வழியிலிருந்த கலக்கமோ பெரிது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. சுற்றுப்புறம் மக்கள் வாழத் தகாததாயிற்று. 1989 டிசம்பரில் மரங்கொத்தி முற்றிலும் ஓய்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது காத்து நின்ற அரசே இல்லாமற் போயிற்று. ஆளில்லாக் காட்டில் இரும்புச் சுவர் மட்டும் நின்றது.

வல்லரசுகளின் ராடார்களுக்குத் தொல்லையாயிருந்த அதே துருவக் கொதிப்பையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரேமண்ட் கிரீன்வால்டு. 1970களில் அவர் வட ஐரோப்பாவில் உயர்ந்த அதிர்வெண் ராடார்களைக் கொண்டு துருவ ஒளியை ஆராய்ந்தவர். அங்கே ஓர் இடர்ப்பாடு இருந்தது. அதனை விளக்க நம் கடற்கரைக்கு ஒருமுறை வந்து போக வேண்டும்.

அயனி மண்டலத்தின் எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டே நகர்கின்றன. காந்த நடுக்கோட்டில் அக்கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அதனால் அங்கே 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுதும் வலிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. 1960களில் அந்நடுக்கோடு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா மீனவச் சிற்றூரின் அருகே சென்றது. இந்த மின்னோட்டத்தை ஆராய ராக்கெட் தளம் தேடி விக்கிரம் சாராபாய் அங்கு வந்ததும், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களும் பங்கு மக்களும் புனித மகதலா மரியா ஆலயத்தையும் நிலத்தையும் ஒப்படைத்ததும், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழுந்ததும் நம் வாசகர்கள் பலமுறை கேட்டவை. எதற்காக அந்த ஆலயம் கேட்கப்பட்டது என்பதைத்தான் பெரும்பாலோர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அயனி மண்டலத்துக்காகவே அது கேட்கப்பட்டது.

துருவப் பகுதியில் நிலைமை நேர்மாறு. அங்கே காந்தக் கோடுகள் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக இறங்குகின்றன. அவற்றின் வழியே எலெக்ட்ரான் திரட்சிகள் சவுக்குத் தோப்பின் மரங்களைப் போல நின்றுகொண்டிருக்கின்றன. ஒரு மரத்தில் எறிந்த பந்து எறிந்தவன் கைக்கே திரும்ப வேண்டுமானால் அது மரத்தை நேர்க்குறுக்காகத் தாக்க வேண்டும். தரையிலிருந்து மேல்நோக்கி நேராகச் செல்லும் உயர் அதிர்வெண் அலை, மேலடுக்கில் அம்மரங்களைச் சாய்வாகவே தொட்டு அப்பால் போய்விடும். சிற்றலையோ போகப் போக வளைந்து, ஓரிடத்தில் தரைக்கு இணையாகிவிடும்; அங்கே மரத்தை நேர்க்குறுக்காகச் சந்தித்துத் திரும்பும். எந்த வளைவு படைத்துறை ராடாருக்கு எதிரியின் நாட்டைக் காட்டிற்றோ, அதே வளைவு ஆய்வாளருக்கு வானத்தையே காட்டிற்று. இராணுவ ராடார் தூசு எனப் புடைத்து எறிந்ததை இவர்கள் முறத்தில் ஏந்திக்கொண்டார்கள்.

1983இல் கிரீன்வால்டின் குழு கனடாவின் லாப்ரடார் பகுதியில், கூஸ் பே என்னுமிடத்தில் சிற்றலை ராடாரை நிறுவியது. மார்க்கோனி பட்டம் ஏற்றிய சிக்னல் ஹில் குன்றும் இதே மாகாணத்தைச் சேர்ந்தது. கூஸ் பே ராடார் பேருருவம் கொண்டதன்று. வரிசையாக நிற்கும் 16 கோபுர ஆண்டெனாக்கள். 8 முதல் 20 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள். கற்றையைத் திசை திசையாக நகர்த்தி ஒன்றிரண்டு நிமிடத்தில் வானத்தின் அகன்ற துண்டு ஒன்றைத் துழாவிவிடும். 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அயனித் திரட்சி எந்த வேகத்தில் நகர்கிறது என்பதைப் பழைய மாத்ரே கையாண்ட அதே அதிர்வெண் மாற்றத்தால் அளந்துவிடும். அவ்வேகம் வினாடிக்குச் சில நூறு மீட்டர். சூரியப் புயலின்போது ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் துகள் காற்று பூமியின் காந்தப் புலத்தைத் தள்ளும்போது, துருவ வானம் முழுவதும் பானையில் கொதிக்கும் கஞ்சிபோல இரு பெரும் சுழல்களாகச் சுழல்கின்றது.

1988இல் பிரித்தானியர் அண்டார்க்டிகாவிலுள்ள ஹாலே நிலையத்தில் இதன் இணையை அமைத்தனர். ஓசோன் படலத்தின் ஓட்டையை உலகுக்கு அறிவிக்க உதவிய அதே ஹாலேதான். லாப்ரடார் வானிலிருந்து புறப்படும் காந்தக் கோடுகள் பூமியை வளைந்து சென்று ஹாலே பகுதியின் வானில் இறங்குகின்றன. ஒரே கயிற்றின் இரு முனைகளை இருவர் பிடித்து அதிர்வைச் சோதிப்பது போன்ற ஆய்வு இது. 1990களில் பிரான்சு, ஜப்பான், தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகள் இணைந்து இதனை 'சூப்பர் டார்ன்' என்னும் வலையாக வளர்த்தன. சீனமும் ரஷ்யாவும்கூடப் பின்னாளில் இவ்வகை ராடார்களை அமைத்தன. இரு துருவங்களையும் நோக்கி முப்பதுக்கும் மேற்பட்ட ராடார்கள் நிறுவப்பட்டன. ஒரு ராடார் தனித்து நின்றால் தன் பார்வைக் கோட்டின் வழியே உள்ள வேகத்தை மட்டுமே சொல்லும். காற்று உண்மையில் எத்திசையில் போகிறது என்றறிய, வேறோர் இடத்திலிருந்து, பெரும்பாலும் வேறொரு நாட்டிலிருந்து, இன்னொரு ராடார் அதே வானத்தைப் பார்த்தாக வேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சி அன்று. 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயல் ஒன்றால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின் வழங்கல் அறுந்து, 60 இலட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். துருவத்தின் மேல் பறக்கும் பயணியர் விமானங்கள் தரையோடு பேசச் சிற்றலையையே நம்புகின்றன. கைப்பேசி வழிகாட்டும் செயற்கைக்கோள் குறிகளும் இம்மண்டலத்தைக் கடந்தே வருகின்றன. அது கலங்கினால் இடம் பிசகும்.

படைத்துறையும் பாடம் கற்றது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2003 முதல் இயங்கும் ஆஸ்திரேலியாவின் ஜின்டலி ராடார் வலை, வடகடலில் வரும் விமானத்தையும் கப்பலையும் தேடுவது. அதற்கெனக் கண்டம் முழுவதும் அயனி மண்டலத்தை ஓயாது அளக்கும் நிலையங்களை அவர்கள் நிறுவினார்கள். ஆடியை அளந்து முடித்த பின்னரே அதில் தெரியும் உருவத்தை நம்புகிறார்கள்.

வேரித்தாஸ் 2018ஆம் ஆண்டின் நடுவில் சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறிற்று. தமிழோசையும் சிற்றலையில் இல்லை. நம் பங்கு இல்லத்தில் ஒரு பழைய பெட்டி இன்னும் உள்ளது. முள்ளைத் திருப்பினால் பெரும்பாலும் இரைச்சலே கேட்கின்றது. மரங்கொத்தி ஓய்ந்த 1989 டிசம்பரில் நாம் எங்கிருந்தோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. பெரிய குருமடத்தில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்தோம். அங்கும் வானொலி இருந்தது; அங்கும் இரவில் அதைச் சூழ்ந்து அமர்ந்தோம். தட்டல் நின்றுபோனதை எவரும் கவனிக்கவில்லை.